ஜிப் வாங்கப் போய் மலையேறினோம்

என் வீட்டுக்காரருக்கு நிறம் தெரியாது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே நிறங்கள்தான்: ஒன்று பிரவுன், இன்னொன்று பிரவுன் இல்லாதது. தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பட்டறையில் ஆண்களுக்கான தோல் பைகள் மட்டும் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பெண்களுக்கான கைப்பைக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் வம்பு. இளஞ்சிவப்புப் பைக்கு உள்துணியும் ஜிப்பும் வாங்கி வரச் சொன்னால், பளீரென்ற ஆரஞ்சில் வாங்கி வந்து, "ரெண்டும் ஒண்ணுதாம்லா" என்று நின்றார். அடுத்த தடவை இவளையும் கூட்டிக்கொண்டு போ என்று மாமி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மாமி என்றால் என் மாமியார். என் வாப்பாவின் கூடப் பிறந்தவர் என்பதால் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பும் மாமிதான், பின்பும் மாமிதான்.

அப்படித்தான் மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் நாங்கள் இரண்டு பேரும் உல்லாஸ்நகருக்குப் புறப்பட்டோம். இரண்டு பேரும் என்று சொல்லிவிட்டேனே தவிர, ரயிலில் நான் லேடீஸ் டப்பா, அவர் ஜென்ரல் டப்பா. தெருவில் நடந்தாலும் அவர் நாலடி முன்னால் போவார், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டில் மாமி, கொழுந்தனார், அவர் மனைவி, அவர்கள் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். கீழே பட்டறையில் மிஷின் சத்தம். இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்தியும் நாங்கள் தனியாகப் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குத் தேறாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சந்தில் எல்லாருக்கும் அப்படித்தான். அதனால் அது குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உல்லாஸ்நகரில் போய் இறங்கினால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. வியாபாரிகள் எதற்காகவோ அன்று கடையடைப்பு நடத்தினார்கள். ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி, நாளைக்கு வாருங்கள் என்று எங்களுக்கும் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் சேர்த்து ஒரே கையசைப்பில் சொல்லிவிட்டார். கல்யாணில் ஏதாவது கிடைக்குமா பார்ப்போம் என்று அங்கே வந்தோம். அங்கே கிடைத்த ஜிப்பெல்லாம் பிரவுன். அவருக்கு மட்டும் சந்தோஷம்.

கல்யாண் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே அரசு பஸ் நிலையம். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு சிவப்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் கண்டக்டர் படியில் நின்று, "ஜவ்ஹார், ஜவ்ஹார்" என்று கூவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் டீ கிளாஸைப் பிடித்தபடி அந்தப் பெயர்ப் பலகையையே பார்த்தார். பிறகு கண்டக்டரிடம் போய் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஹிந்தியில் விசாரித்தார். மலை மேலே என்றார் அவர். அங்கே என்ன இருக்கிறது என்று இவர் கேட்டார். கண்டக்டர் கொஞ்சம் யோசித்து, காற்று இருக்கிறது என்றார். பிறகு என்னைக் காட்டி, பெண்களுக்குப் பாதி டிக்கெட்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏளா, போவமா?"

எங்கே என்று கேட்டேன். மலைக்கு என்றார். ஜிப்பு, பட்டறை, பிள்ளைகள் சாப்பாடு என்று என் வாய் வரிசையாக ஏதோ சொல்லிக்கொண்டே போனது. கால் மட்டும் பஸ்ஸின் படியில் ஏறிவிட்டது. கால்தான் ஏறியது, நான் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

இருவர் உட்காரும் இருக்கை. ஜன்னல் பக்கம் நான். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, கடை திறக்க நேரமாகும் போலிருக்கிறது, சாயங்காலம் வந்துவிடுவோம் என்று மாமியிடம் சொன்னார். பொய் இல்லை. கடை திறக்க மறுநாள் வரை நேரமாகும் என்பது உண்மைதானே. போனை வைத்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் பர்தாவின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பிவண்டி வரை சிரித்தோம். பிவண்டி நெரிசலில் பஸ் நகராமல் கிடந்தபோதுகூட எங்களுக்குச் சலிக்கவில்லை.

வாடா என்ற ஊரைத் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் தேக்கு மரங்கள். அறுத்துப்போட்ட நெல்வயல்கள். ஒரு வளைவில் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும், அடுத்த வளைவில் பாறை வந்து மூடிவிடும். நான் ஒவ்வொரு வளைவுக்கும், "மச்சான், பாருங்க, மச்சான், அங்கன பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் பக்கம் கட்டிய புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மச்சானிடமிருந்து பதிலே வரவில்லை. திரும்பிப் பார்த்தால் முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. மிஷினில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற மனிதர், லோக்கல் ரயிலில் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர், பத்து வளைவுக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணும் இல்ல. மலைதான் சுத்துது" என்றார்.

கண்டக்டர் பெண் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு விசில் கொடுத்தார். பஸ் ஒரு சின்ன ஊரில் நின்றது. ஜவ்ஹார் இன்னும் மேலே இருக்கிறது, இந்த நிலைமையில் போனால் பஸ்ஸைக் கழுவ வேண்டியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எதிரே இருந்த டீக்கடைப் பெண்ணைக் கூப்பிட்டு எங்களை ஒப்படைத்தார். சாயங்காலம் இதே பஸ்ஸில் இதே வழியாகத் திரும்பி வருவேன், இங்கேயே நில்லுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஊருக்குப் பெயர் உண்டு. சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த விடுமுறை நாளே கார்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரே ஒரு தெரு. ஒரு விதைக்கடை, ஒரு ரீசார்ஜ் கடை, ஓட்டுக் கூரை போட்ட கூட்டுறவு வங்கி, இந்த டீக்கடை. செம்மண் பூசிய வீட்டுச் சுவர்களில் அரிசி மாவால் வெள்ளைக் கோட்டுப் படங்கள் வரைந்திருந்தார்கள். முக்கோண உடம்பும் குச்சிக் கை கால்களுமாக மனிதர்கள் உழுதார்கள், மீன் பிடித்தார்கள், மரம் ஏறினார்கள். டீக்கடைச் சுவரில் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கோபுரம். அதில் ஒரு குரங்கு.

டீக்கடைப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிய சேலை. அவர் பேசும் மொழி மராத்தி மாதிரி இருந்தது, ஆனால் மும்பையில் கேட்கிற மராத்தி இல்லை. என் பம்பாய் ஹிந்தியும் அவருக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைக் கையால் பேசிக்கொண்டோம். புளிப்பான கோகம் பழம் ஊறிய தண்ணீரில் உப்புப் போட்டு இவருக்குக் கொடுத்தார். இவர் பெஞ்சில் சுருண்டு கிடந்தபடி கண்ணைத் திறந்து கிளாஸைப் பார்த்தார்.

"இளஞ்சிவப்பு" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பில் டீக்கடைப் பெண்ணும் காரணம் தெரியாமலே சிரித்தார். எல்லாவற்றையும் எப்படிக் கையால் சொல்வது? இந்த மனிதருக்கு இன்றைக்குத்தான் கண் திறந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கும் அவர் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் பசி. அரிசி மாவு ரொட்டியும், காய்ந்த கூனி இறாலை மிளகாயோடு இடித்த சட்னியும் வந்தன. முதல் வாயிலேயே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சொந்த ஊர் மேலப்பாளையத்தில் என் உம்மா உரலில் இடிக்கிற கூனிப்பொடியின் சொந்தக்கார ருசி அது. இந்த மலையில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கீழே கடற்கரையிலிருந்து சந்தைக்கு வரும் என்றார் அந்தப் பெண். நான் இரண்டாவது ரொட்டி கேட்டேன். இவர் மூன்றாவது கேட்டார்.

நாங்கள் கை கழுவும்போதே அந்தப் பெண் கடையைச் சாத்த ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் இன்றைக்கு ஆட்டம், புது நெல் வந்த கொண்டாட்டம், நான் போகாமல் இருக்க முடியாது, உங்களைப் பார்த்துக்கொள்வதாகக் கண்டக்டரிடம் ஒப்புக்கொண்டதால் நீங்களும் வந்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் எங்களுக்கு மறுப்புச் சொல்ல இடம் இல்லை.

மைதானத்தை நெருங்கும்போதே அந்தச் சத்தம் வந்துவிட்டது. நாதஸ்வரம் இல்லை, மகுடி இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மூக்கடைத்த ரீங்காரம். நடுவில் ஒரு மனிதர் தன் உயரத்துக்கு ஒரு வாத்தியத்தை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். சுரைக்குடுக்கையும் மூங்கிலும் பனையோலையும் சேர்த்துச் செய்தது, தார்ப்பா என்று பெயர் சொன்னார்கள். அவரைச் சுற்றி ஆண்களும் பெண்களும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு சங்கிலியாக வளைந்து வளைந்து ஆடினார்கள். யாரும் வாத்தியக்காரருக்கு முதுகு காட்டவில்லை. அவர் ஊதுவதை மாற்றினால் எல்லாருடைய காலும் மாறும்.

இவருக்கு ஆட்டம் கண்ணில் படவில்லை. வாத்தியம்தான் பட்டது. குடுக்கையும் மூங்கிலும் சேருகிற இடத்தில் எதை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், பனையோலையை எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். பட்டறைக்காரர் புத்தி. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உள்ளே போனார். குனிந்தார். மெழுகு, மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்தே எனக்குக் கத்திச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சங்கிலி வளைந்து வந்து அவரை அள்ளிக்கொண்டது. ஒரு பக்கம் ஒரு கிழவர், இன்னொரு பக்கம் நம் டீக்கடைப் பெண். மச்சானின் முகத்தில் முதலில் பயம். இரண்டு சுற்றுக்குப் பிறகு கவனம். ஐந்தாவது சுற்றில் பார்த்தால் வாய் காது வரை இருக்கிறது, கால் தாளத்தில் விழுகிறது. பஸ்ஸில் பத்து வளைவுக்குத் தாங்காதவர் இங்கே பம்பரமாகச் சுற்றுகிறார்.

நான் போனை எடுத்து வீடியோ பிடித்தேன். சிரிப்போடு சிரிப்பாக அவரைப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் பதிவை நிறுத்தினேன். என் லாத்தாவுக்கு, அதாவது மேலப்பாளையத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. அவள்தான் இவரை உம்மணாமூஞ்சி என்று கல்யாணத்தன்றே சொன்னவள். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சிக்னல் இல்லை. சின்னக் கடிகாரப் படம் சுற்றிக்கொண்டு நின்றது. போகட்டும் என்று போனைப் பையில் போட்டேன். சங்கிலி மறுபடியும் என் பக்கம் வந்தது. இந்தத் தடவை அது இழுப்பதற்குக் காத்திருக்காமல் பர்தாவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நானே போய்ப் புகுந்தேன். மச்சானுக்கும் டீக்கடைப் பெண்ணுக்கும் நடுவில்.

பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால், என் வீட்டுக்காரரின் இடுப்பைச் சுற்றி என் கை. என் இடுப்பைச் சுற்றி அவர் கை. வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கால் பின்னும், பிரியும், தூசி எழும்பும். தலைக்கு மேல் வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கட்டத்தில் தப்பான காலை எடுத்து வைத்து அவர் பாதத்தை நன்றாகவே மிதித்துவிட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. நான் கடைசியாக இப்படி மூச்சு வாங்கச் சிரித்தது பள்ளிக்கூடத்தில், எங்கள் ஊர் முனிசிபல் பள்ளி வராந்தாவில் பெஞ்சு உடைந்து விழுந்தபோது.

ஆடி ஓய்ந்ததும் மைதானத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் போய் உட்கார்ந்தோம். அதற்கு அப்பால் தரை இல்லை. பள்ளத்தாக்கும் அதைத் தாண்டி மலைகளும், ஒன்றன் பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போயின. எங்களுக்குக் கீழே ஒரு பருந்து பறந்தது. பருந்தின் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். அவரும் எட்டிப் பார்த்தார்.  இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதற்குக்கூட எங்களுக்கு வீட்டில் இடம் கிடைத்ததில்லை.

அவர்தான் ஆரம்பித்தார். "கல்யாணம் ஆன புதுசுல ஒன்ன எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவணும்னு ஒரு ஆசை இருந்துச்சு, ஏளா."

"எங்க?"

"எங்கன்னு யோசிக்கல. ரெண்டு பேரு மட்டும் உக்காருத மாதிரி ஒரு சீட்டு. அவ்வளவுதான் யோசிச்சேன்."

 அந்தச் சீட்டு பஸ்ஸில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அதில் நீங்கள்தான் வாந்தி எடுக்கப் பார்த்தீர்கள் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பள்ளத்தாக்கு ஒரு தடவை திருப்பிச் சிரித்தது. அது நிஜமாகவே எதிரொலித்தது. அதற்காகவே இன்னும் இரண்டு தடவை சிரித்துப் பார்த்தார்.

சொன்னபடியே சாயங்காலம் கண்டக்டர் பெண் வந்து சேர்ந்தார். இவரைப் பார்த்ததும் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். டீக்கடைப் பெண் ஒரு பொட்டலம் கூனி இறாலை என் கையில் திணித்தார். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தோளில் கிடந்த கைப்பையைக் காலி செய்து சாமான்களை இவர் சட்டைப் பைகளில் திணித்துவிட்டு, பையை அந்தப் பெண்ணின் தோளில் மாட்டிவிட்டேன். எங்கள் பட்டறைப் பைதான். அவர் அதைத் தட்டிப் பார்த்தார், ஜிப்பை இழுத்து மூடித் திறந்து பார்த்தார். பஸ் வளைவில் மறையும் வரை மூடித் திறந்துகொண்டே நின்றார்.

வாடா பக்கம் வந்தபோது சிக்னல் வந்தது. என் போன் டிங் டிங் என்று விழித்தது. வீடியோ போய்விட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். போயிருந்தது. லாத்தாவுக்கு இல்லை. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு.

மாமி, கொழுந்தனார், அவர் மனைவி, எங்கள் பிள்ளைகள், மாட்டுங்காவில் இருக்கும் சின்ன மாமனார், செம்பூர் திலக் நகரில் கட்டிக்கொடுத்த நாத்தனார், துபாயில் இருப்பவர்கள், மேலப்பாளையத்துக்காரர்கள் எல்லாரும் இருக்கிற குழு. அழிக்கலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். இவரிடம் காட்டினேன். அவருக்குத் தலைசுற்றல் திரும்பி வந்துவிட்டது போலிருந்தது.

போட்டுப் பார்த்தோம். அவர் ஆடுகிறார், நன்றாகவே ஆடுகிறார். கடைசியில்தான் விஷயம். படம் திடீரென்று சாய்கிறது. வானம் தெரிகிறது, என் செருப்பு தெரிகிறது, ஒரே இருட்டு. பதிவை நிறுத்துவதற்கு முன்னாலேயே போனைப் பர்தாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறேன் போல. அந்த இருட்டுக்குள் என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது: "மச்சான், எடம் விடுங்க, நானும் வாரேன்."

குழுவில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் ஒரு எழுத்து எழுதவில்லை.  பஸ் பிவண்டி நெரிசலில் நின்றது. இந்தத் தடவை நாங்கள் சிரிக்கவில்லை. கடை திறக்க நேரமாகும் என்று இவர் சொன்னது, சாயங்காலம் என்று சொன்னது, எல்லாவற்றுக்கும் என்ன பதில் சொல்வது என்று மெல்லிய குரலில் ஒத்திகை பார்த்துக்கொண்டோம். கல்யாண் வந்தபோது மாமியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நான் காதில் வைத்துக் கேட்டேன். அப்புறம் அவர் காதில் வைத்தேன்.

"அது எம் மவனா?" என்று கேட்டுவிட்டு மாமி கொஞ்சம் மூச்சு விடுகிறார். "இம்புட்டு நல்லா ஆடுவான்னு இத்தன வருசமா என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே. ஏளா, நீ ஆடுனதக் காணோம். அத யாரு படம் புடிச்சது? அனுப்பு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழு உடைத்துக்கொண்டது. சிரிக்கும் முகங்கள் கொட்டின. மகள், இவர் யார், என் வாப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதினாள். நாத்தனார் அது எந்த ஊர் என்று கேட்டாள். கொழுந்தனார் மட்டும், ஜிப் கிடைத்ததா என்று கேட்டார். கல்யாணிலிருந்து வரும்போது ஒரே டப்பாவில் ஏறினோம், ஜென்ரலில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு. இவர் கம்பியைப் பிடித்தபடி, மற்றவர்களுக்குத் தெரியாமல், குதிகாலால் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அடி உதை ஒன்றும் இல்லை. எங்கள் சந்தில் மட்டும் ஒரு மாதத்துக்கு யார் எங்கே வழி கேட்டாலும், "மச்சான், எடம் விடுங்க" என்றார்கள். இளஞ்சிவப்பு ஜிப்பை மறுநாள் நாத்தனார் வீட்டுக்காரர் வாங்கி வந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. பட்டறையில் ஆர்டர் குறையும் நாட்களில் யாராவது இரண்டு பேர், பெயர் கேள்விப்படாத ஏதாவது ஒரு மலையூருக்குப் போய் வருகிறோம். பிரபலமான ஊருக்குப் போகக்கூடாது என்பது மாமி போட்ட சட்டம். அங்கே மும்பைக்காரர்கள்தான் இருப்பார்கள், அவர்களைத்தான் இங்கேயே பார்க்கிறோமே என்பது அவருடைய நியாயம். கொழுந்தனாரும் அவர் மனைவியும் ஒரு மலை உச்சியில் தேன் எடுக்கிறவர்களோடு சுற்றிவிட்டு, முகமெல்லாம் கொட்டு வாங்கி வீங்கி, ஆனால் கைகோத்துக்கொண்டு திரும்பினார்கள். நாங்கள் மறுபடியும் இரண்டு ஊர்களுக்குப் போனோம். இவருக்கு இன்னும் தலை சுற்றும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார்.

போன மாதம் மாமியின் முறை. யாரோடு போகிறீர்கள் என்று கேட்டதற்கு என்னைக் கை காட்டினார். மாமியும் நானும் ஒரு சிவப்பு பஸ்ஸில் முதல் இருக்கையில் உட்கார்ந்தோம். மலைப்பாதை ஆரம்பித்ததும் மாமி ஜன்னல் கண்ணாடியை முழுதாகத் தள்ளித் திறந்தார். குளிர்காற்று அறைந்தது. அவருடைய வெள்ளைத் துப்பட்டி பறந்து பின்னால் இருந்தவர் முகத்தில் போய் விழுந்தது. ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டேன். மாமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிய, வாய் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் இருந்தவரும் துப்பட்டிக்குள்ளிருந்து, இருக்கட்டும், இருக்கட்டும் என்று ஹிந்தியில் சொன்னார்.